முதலுதவி வகுப்புக்குப் போய்வந்தேன்: காலை அருமை, மதியம் சுமார்

முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி, ஐந்துக்கு மூன்றரை. காலைப் பகுதிக்கு மட்டும் என்றால் தயங்காமல் ஐந்துக்கு ஐந்து போடுவேன், மதியத்துக்குப் பிறகு நடந்ததுதான் மதிப்பெண்ணைக் கீழே இழுத்துவிட்டது. நடத்தியவர்கள் பெயரை வேண்டுமென்றே போடவில்லை, ஏனென்றால் குறைகளும் சொல்லப் போகிறேன். தவிர, இந்த மாதிரி வகுப்புகள் பெரும்பாலும் ஒரே பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டுதான் ஓடுகின்றன, நான் சொல்வதில் பாதியாவது நீங்கள் சேரப்போகும் வகுப்புக்கும் பொருந்தும்.

நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவர்கள் அறிவிப்பில் இருந்த ஒரு வரி. விழுந்தவரை மட்டுமல்ல, சுற்றி நிற்கிறவர்களைச் சமாளிக்கவும் சொல்லித் தருவோம் என்று போட்டிருந்தார்கள். மற்ற வகுப்புகளில் நோயாளியும் உதவுகிறவரும் ஏதோ காலி அறையில் தனியாக இருப்பது போலத்தான் பாடம் நடக்கும். நிஜத்தில் ஒரு ரயில் நிலையத்திலோ கடைத்தெருவிலோ ஒருவர் சரிந்து விழுந்தால் அரை நிமிடத்துக்குள் ஒரு வட்டம் கூடிவிடுகிறது, அந்த வட்டத்துக்குள் நுழைவதே பெரும்பாடு, நுழைந்த பிறகு பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள், அதில் ஏழு யோசனை ஆளுக்கு ஆபத்து. இதையும் சேர்த்துச் சொல்லித்தராத வகுப்பு நீச்சல் குளத்தில் தண்ணீர் விடாமல் நீச்சல் கற்றுத்தருகிற கதைதான்.

பயிற்சியாளர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆம்புலன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் இளம் செவிலியர். வழக்கமாக இதயத்தின் படத்தைத் திரையில் போட்டு, நான்கு அறைகள், நான்கு வால்வுகள் என்று ஆரம்பித்து முதல் ஒரு மணி நேரத்தைக் கொன்றுவிடுவார்கள், இங்கே அது இல்லை. பெரியவர் ஒரு பெட்டியை நீட்டினார், ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார், மற்றவருக்குக் காட்டக் கூடாது என்றார். சீட்டில் எழுதியிருப்பதுதான் நம்முடைய வேடம். "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்கன்னு சொல்லிக்கிட்டே இரு" என்று ஒருவருக்கு. "தூக்கி உட்கார வைக்கச் சொல்லி வற்புறுத்து" என்று இன்னொருவருக்கு. "செல்போனில் வீடியோ எடு", "ஆள் குடிச்சிருக்கான்னு சொல்", "எட்டிப் பார்த்துட்டு நகர்ந்து போ", "எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார்னு சொல்லிட்டு யார்கிட்டயோ போனில் பேசிக்கிட்டே இரு", இப்படி. எனக்கு வந்த சீட்டில் இருந்தது: "ஒண்ணும் செய்யாதே. பக்கத்துல நிக்கிறவங்க முகத்தைப் பாரு." ஒரே ஒருவருக்கு மட்டும் வெற்றுச் சீட்டு, அவர்தான் உதவப் போகிறவர். இந்தச் சீட்டுகளை எழுதியவருக்குத் தனியாக ஒரு விருது கொடுக்கலாம், கூட்டத்தில் நிற்கிற மனிதர்களை இவ்வளவு துல்லியமாகக் கவனித்து எழுத வருடக்கணக்கில் தெருவில் நின்றிருக்க வேண்டும்.

இளம் செவிலியர் நடுவில் விழுந்தார். வெற்றுச் சீட்டுக்காரர் ஒரு கல்லூரி மாணவி, உடனே மண்டியிட்டுத் தோளைத் தட்டிப் பார்த்தார், சரியாகத்தான் ஆரம்பித்தார், "யாராவது ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க" என்று கத்தவும் செய்தார். அதற்குள் தண்ணீர்க்காரர் பாட்டிலைத் திறந்துவிட்டார், தூக்கச் சொல்கிறவர் கையைப் பிடித்து இழுக்கிறார், வீடியோக்காரர் நல்ல கோணம் தேடி மாணவியின் தலைக்கு மேலேயே குனிந்து நிற்கிறார், டாக்டரைத் தெரிந்தவர் போனில் நலம் விசாரிக்கிறார். நான் என் சீட்டுப்படி முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் ஒரு விசித்திரம் நடந்தது. எல்லா முகமும் அமைதியாக இருந்தது, ஏனென்றால் எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்த்து என் மனசும் "சரி, பெரிசா ஒண்ணும் இல்ல போலிருக்கு" என்று அடங்கிவிட்டது. நடிப்பு என்று தெரிந்துமே அப்படி அடங்குகிறது என்றால் நிஜத்தில் கேட்கவே வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் கையைத் தட்டி நிறுத்தினார். "யார் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது?" ஒருவரும் இல்லை. அந்தப் பக்கம் யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார்களே, அது ஆம்புலன்ஸுக்குத்தான் என்று நாங்கள் அத்தனை பேரும் நினைத்திருந்தோம்.

இரண்டாவது சுற்றில் அதே சீட்டு, அதே கூட்டம். மாணவிக்கு மட்டும் ஒரே ஒரு பாடம்: "யாராவது" என்று கேட்காதே, ஆளைக் கைநீட்டிக் காட்டு, அடையாளம் சொல்லிக் கூப்பிடு, ஒருவருக்கு ஒரு வேலை மட்டும் கொடு, முடித்துவிட்டு வந்து சொல்லச் சொல். அவர் வீடியோக்காரரைப் பார்த்து, "நீலச் சட்டை அண்ணா, உங்களைத்தான், போன் கையிலதானே இருக்கு, அதுலயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க, என் பக்கத்துலயே நின்னு பேசுங்க" என்றார். வேடத்தைக் கலைக்கச் சொல்லி அவருக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை, இருந்தும் நீலச் சட்டைக்காரர் சட்டென்று வீடியோவை நிறுத்திவிட்டு எண்ணை அழுத்துவது போல நடிக்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீர்க்காரரை வாசலில் போய் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட அனுப்பினார், போய்விட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சீட்டை எல்லோரும் மறந்துபோனார்கள். இந்த வகுப்பில் காசு கொடுத்து வாங்கியது இதுதான், மற்றதெல்லாம் கூட வந்தது என்பது என் எண்ணம்.

சுற்றி நிற்கிறவர்களை மனிதாபிமானம் இல்லாதவர்கள் என்று திட்டுவது எல்லோருக்கும் பழகிவிட்டது. பெரியவர் அந்தப் பக்கமே போகவில்லை, நல்ல விஷயம். அவர் ஒரு சோதனையைச் சொன்னார், உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்: 1968-ல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து இன்டர்காமில் பேச வைத்தார்கள், அதில் ஒரு குரல் வலிப்பு வந்ததுபோல் திணற ஆரம்பிக்கும். தான் ஒருவன்தான் இதைக் கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் எழுந்துபோய்ச் சொன்னார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். எழாமல் இருந்தவர்கள் அலட்சியமாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, கை நடுங்கி, வியர்த்து, அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பிறகு கேட்டவர்களும் அவர்களில் உண்டு. இதை மதிய நேரத்தில் திரையில் போட்டிருந்தால் தூங்கியிருப்போம், சீட்டு விளையாட்டு முடிந்த கையோடு சொன்னதால் ஒவ்வொருவரும் தன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அடுத்து அவர் சொன்ன கதையில்தான் எனக்கு முதல் குறை. 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொலை செய்யப்பட்டபோது 38 பேர் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர்கூட அசையவில்லை என்கிற பழைய கதை. அது அப்படி நடக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு முழுச் சம்பவமும் தெரியவே இல்லை, ஏதோ சத்தம் என்றுதான் கேட்டிருக்கிறது, ஒருவர் ஜன்னலிலிருந்து கத்தித் தாக்கியவனை விரட்டியிருக்கிறார், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் செய்தியை வெளியிட்ட பத்திரிகையே தன் பழைய செய்தியில் தவறுகள் இருந்ததை 2016-ல் ஒப்புக்கொண்டது. முதலுதவி வகுப்பில் இதை இன்னும் பழைய மாதிரியே சொல்வது சரியில்லை, காரணம் வெறும் வரலாற்றுத் துல்லியம் அல்ல: மனிதர்கள் உதவ மாட்டார்கள் என்று நம்பிக்கொண்டு கூட்டத்துக்குள் போகிறவர் யாரிடமும் உதவி கேட்கவே மாட்டார்.

அதற்குப் பதிலாக நியூயார்க் சுரங்க ரயிலில் நடத்தி 1969-ல் வெளியிட்ட சோதனையைச் சொல்லியிருக்கலாம், இந்த வகுப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். பிலியாவின் என்பவரும் கூட இருந்தவர்களும் ஓடும் ரயில் பெட்டியில் ஆளை விழ வைத்துப் பார்த்தார்கள், அடுத்த நிலையம் வர ஏழரை நிமிடம், யாரும் இறங்கிப் போக முடியாது. கையில் ஊன்றுகோலோடு விழுந்தபோது 65 தடவையில் 62 தடவை யாராவது தானாக எழுந்து வந்து உதவினார்கள். அதே ஆள் மதுவாடை அடிக்க, கையில் பாட்டிலோடு விழுந்தபோது 38 தடவையில் 19 தடவைதான். பெட்டியில் ஆள் கூடுதலாக இருந்தால் உதவி குறையும் என்று எதிர்பார்த்தார்கள், அப்படிக் குறையவும் இல்லை. இன்டர்காம் சோதனையில் யாரும் யாரையும் பார்க்க முடியாது, ரயிலில் ஆள் கண்முன்னே கிடக்கிறார், ஊன்றுகோல் இருப்பதால் என்ன நடந்தது என்பதில் குழப்பமும் இல்லை. குழப்பம் இல்லாத இடத்தில் மனிதர்கள் எழுந்து வருகிறார்கள், குழப்பம் இருக்கிற இடத்தில் நிற்கிறார்கள், அந்தக் குழப்பத்தை வாயைத் திறந்து உடைப்பதுதான் முதலில் மண்டியிடுகிறவரின் வேலை. "இவருக்கு மூச்சு இல்லை" என்று ஒரு தடவை உரக்கச் சொன்னாலே போதும், சுற்றி நிற்கிற முகங்கள் மாறிவிடும்.

"குடிச்சிருக்கான்" சீட்டைப் பற்றி செவிலியர் பேசியது நன்றாக இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் ஆள் தள்ளாடுவார், உளறுவார், எரிச்சல்படுவார். பக்கவாதத்திலும் வாய் குழறும். தலையில் அடிபட்டவரும் அப்படித்தான் இருப்பார். நிஜமாகவே குடித்தவருக்கும் மாரடைப்பு வரும், மல்லாந்து கிடந்து வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போயும் செத்துப்போவார். அதனால் குடித்தாரா இல்லையா என்று கூட்டம் நடத்துகிற விசாரணையால் எந்தப் பயனும் இல்லை, கூப்பிட்டால் பதில் வருகிறதா, மூச்சு சரியாக இருக்கிறதா, இந்த இரண்டு கேள்விதான். மூச்சு இருந்து நினைவு இல்லை என்றால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்தால் மூளைக்குப் போகிற ரத்தம் இன்னும் குறையும். இதையெல்லாம் அந்தந்தச் சீட்டு எடுத்தவரையே எழுந்து நிற்க வைத்து விளக்கினார், தண்ணீர்க்காரர் பாவம், பாட்டிலை மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்.

இத்தனை பேரையும் விரட்டாதீர்கள், வேலை கொடுங்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வழி ஏற்படுத்த ஒருவர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற ஏ.இ.டி. கருவி எங்கே இருக்கிறது என்று தேடி ஓட ஒருவர், நேரம் பார்த்துச் சொல்ல ஒருவர், கூட வந்த உறவினரைத் தனியே அழைத்துப்போய் என்ன மருந்து சாப்பிடுகிறார், எப்போது விழுந்தார் என்று கேட்க ஒருவர். மிச்சம் இருக்கிற எல்லோரையும் வெளிப்பக்கம் பார்த்தபடி வட்டமாக நிற்க வைக்கலாம். 2021 ஜூனில் கோபன்ஹேகனில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் சரிந்தபோது டென்மார்க் வீரர்கள் செய்தது அதுதான்: உள்ளே மருத்துவக் குழு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்க, சக வீரர்கள் சுற்றி மறைத்து நின்றார்கள், கேமராவுக்கும் கூட்டத்துக்கும் முதுகு கொடுக்காமல் முகம் கொடுத்து. அவர் பிழைத்துப் பிறகு திரும்ப விளையாடவும் வந்தார். வீடியோ எடுக்கிறவர்களிடம் சண்டை போடுவதைவிட அவர்களையே அந்த வட்டத்தில் நிறுத்திவிடுங்கள் என்றார் பெரியவர். இதை நானும் கூட்டப் பயிற்சியின் மூன்றாவது சுற்றில் செய்து பார்த்தேன், இரண்டு பேர் வெளிப்பக்கம் திரும்பி நின்றதும் மற்றவர்களும் தாமாகவே ஓரடி பின்வாங்கிவிட்டார்கள்.

மதியம் சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி, மூச்சுக் கொடுக்கிற முதலுதவி. இங்கேதான் வகுப்பு தொய்ந்தது. பாடத்தில் குறையில்லை: மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் கை, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு தடவையும் மார்பு முழுக்க மேலே எழும்ப விட வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊத யோசிக்கிறவர்கள் பெரியவர்களுக்கு நெஞ்சை மட்டும் அமுக்கினாலும் போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008-லேயே சொல்லிவிட்டது, குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மட்டும் மூச்சும் கொடுப்பது முக்கியம். பிரச்சினை பொம்மைகள். இருபது பேருக்கு மேல் இருந்தோம், பொம்மை மூன்றுதான், அதிலும் ஒன்று சரியான ஆழத்துக்கு அமுக்கினால் வரவேண்டிய "கிளிக்" சத்தத்தை இழந்துபோய்ப் பஞ்சு மாதிரி உள்ளே போய்வந்துகொண்டிருந்தது. சி.பி.ஆர். பார்த்துக் கற்றுக்கொள்கிற விஷயமே இல்லை. ஒரு நிமிடம் விடாமல் அமுக்கிப் பாருங்கள், முழங்கை தானாக மடிய ஆரம்பிக்கும், வேகம் குறைவது உங்களுக்கே தெரியாது, அதனால்தான் கூட்டத்திலிருந்து இன்னொரு ஆளை அருகில் மண்டியிட வைத்துத் தயாராக வைத்திருக்கச் சொல்கிறார்கள். வரிசையில் நின்றே பாதி நேரம் போன பிறகு எனக்கு முழுதாக இரண்டு நிமிடம் கிடைத்தது ஒரே ஒரு தடவை. கட்டணம் வாங்கும்போது எல்லோருக்கும் தனித்தனியாகப் பயிற்சி என்றுதான் சொன்னார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மதியத்திலும் மிக நன்றாகச் செய்தார்கள். இதயம் நின்றுபோனவர்களில் பலருக்கு முதல் சில நிமிடங்கள் மூச்சு மாதிரி ஒன்று வரும், விட்டுவிட்டு, வாயைத் திறந்து இழுத்து, குறட்டை போல, மீன் தரையில் கிடந்து வாயைத் திறப்பது போல. பார்க்கிறவர்கள் "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று நிம்மதி ஆகிவிடுவார்கள், அந்த நிம்மதியில்தான் உயிர் போகும். செவிலியர் அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார், அறை அப்படியே உறைந்துபோனது, பிறகு சாதாரணத் தூக்கத்தின் மூச்சைப் போட்டுக் காட்டி எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். புத்தகத்தில் நான்கு பக்கம் படித்தாலும் இது வராது. சி.பி.ஆரும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் கடக்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பார்கள், ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் சில நிமிடம் சுற்றி நிற்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது, அதில் இரண்டு நிமிடத்தை அந்தக் குறட்டைச் சத்தம் தின்றுவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதை வகுப்பிலேயே எழுந்து கேட்டும் சரியான பதில் வரவில்லை. விழுந்தவர் பெண்ணாக இருந்தால்? பொம்மைகள் மூன்றுமே ஆண் உடம்பு. இத்தனைக்கும் 1960-ல் நார்வேயின் அஸ்மண்ட் லேர்டால் செய்த முதல் சி.பி.ஆர். பொம்மைக்கு வைத்ததே ஒரு பெண்ணின் முகம், பாரிஸில் சேன் நதியில் கிடைத்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணின் முகவார்ப்பு. நிஜத்தில் கூட்டம் எங்கே அதிகம் தயங்குகிறது என்று பார்த்தால் இங்கேதான். அமெரிக்காவில் 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பொது இடத்தில் இதயம் நின்று விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு அருகில் இருந்தவர்கள் சி.பி.ஆர். செய்திருந்தார்கள், பெண்களில் 39 சதவீதம்தான். தொட்டால் தப்பாக நினைப்பார்களோ, உடையை விலக்கினால் யாராவது கத்துவார்களோ என்கிற பயம், அதோடு பெண்ணுக்கு மாரடைப்பு வராது என்கிற மூடநம்பிக்கையும். செவிலியர் "உயிர்தான் முக்கியம், யோசிக்காதீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். யோசிக்கத்தான் செய்வார்கள், அதற்குத்தானே பயிற்சி. இதற்கும் ஒரு சீட்டு எழுதியிருக்கலாம்: "பொம்பளைப் புள்ளை மேல கை வைக்காதீங்கன்னு தடு." அதை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு சுற்று நடத்தியிருந்தால் நான் இன்னும் அரை மதிப்பெண் சேர்த்திருப்பேன். வெளிப்பக்கம் பார்த்து நிற்கிற வட்டம், பக்கத்தில் ஒரு பெண்ணை அழைத்து நிற்க வைப்பது, செய்யப் போவதை உரக்கச் சொல்லிக்கொண்டே செய்வது, இவையெல்லாம் காலையிலேயே கையில் இருந்த விஷயங்கள்தான், இணைத்துக் காட்ட ஆளில்லை.

ஏ.இ.டி. பயிற்சிக் கருவி நன்றாக வேலை செய்தது. திறந்தால் அதுவே பேசுகிறது, பட்டைகளில் எங்கே ஒட்ட வேண்டும் என்று படமே இருக்கிறது, ஒன்று மார்பின் வலது பக்கம் காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். இதயத் துடிப்பைத் தானே பார்த்து, தேவைப்பட்டால்தான் அதிர்ச்சி கொடுக்கும், தேவையில்லாதவருக்குக் கொடுக்காது, எனவே தப்பாக அமுக்கி ஆளைக் கொன்றுவிடுவோமோ என்று பயப்பட ஒன்றுமில்லை. கருவி துடிப்பைப் பார்க்கும்போதும் அதிர்ச்சி கொடுக்கும்போதும் யாரும் உடம்பைத் தொடக் கூடாது, கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற உறவினரை விலக்க வேண்டியிருக்கும், அதையும் நடித்துக் காட்டினார்கள்.

வலிப்பு, தொண்டை அடைப்பு இரண்டையும் வேகமாக ஆனால் சுத்தமாக முடித்தார்கள். வலிப்பு வந்தவரின் கை கால்களைப் பிடித்து அமுக்குவதும் வாயில் எதையாவது திணிப்பதும் கூட்டத்தின் இரண்டு நிரந்தரப் பழக்கங்கள், இரண்டும் கூடாது. தலைக்கு அடியில் மென்மையாக எதையாவது வைத்து, சுற்றிலும் இருக்கிற கூர்மையானவற்றை நகர்த்தி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ், அடங்கியதும் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தொண்டை அடைத்தவர் இருமிக்கொண்டிருந்தால் இருமவே விட வேண்டும், சத்தமே வராவிட்டால்தான் முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அமுக்கு. அப்புறம் கட்டுப் போடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள், முக்கோணத் துணியில் தொட்டில் கட்டு, தலைக்கட்டு, கணுக்கால் கட்டு, எதற்கு என்றே புரியவில்லை. பொது இடத்தில் அடிபட்டவருக்கு உடனே வேண்டியது ரத்தம் வருகிற இடத்தில் துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்கிற ஒரு கை, அழகான முடிச்சு அல்ல. அந்த ஒரு மணி நேரத்தைப் பொம்மைக்குக் கொடுத்திருக்கலாம்.

சட்டம் பற்றிய கேள்விக்கும் பதில் மேலோட்டம்தான். நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது, ஜெர்மனியில் அதற்கும் மேலே போய், முடிந்தும் உதவாமல் இருப்பதையே குற்றவியல் சட்டத்தின் 323சி பிரிவு குற்றம் என்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுப்பது பெரிய வேலையில்லை, பாதிப் பேரை நிறுத்திவைப்பதே "நமக்கு எதுக்கு வம்பு" என்கிற நினைப்புதானே. அதே மாதிரி, எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஆள் பிழைக்காமல் போனால் என்ன என்பதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள், நல்ல வசதியுள்ள நாடுகளிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். அமுக்கும்போது விலா எலும்பு முறிகிற சத்தமும் கேட்கும், அது சகஜம். இதை முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பினால், முதல் தடவையே ஆளைப் பறிகொடுத்தவர் தன் கையால்தான் போனது என்று நினைத்துக்கொள்வார், அடுத்த தடவை வட்டத்தின் கடைசி வரிசையில் போய் நின்றுகொள்வார்.

கையேடு பரவாயில்லை, படங்கள் தெளிவு, எழுத்து பொடி. சான்றிதழ் இரண்டு வருடத்துக்குச் செல்லும் என்றார்கள், ஆனால் தொடாமல் விட்டால் சி.பி.ஆர். சில மாதத்திலேயே கையை விட்டுப் போய்விடும் என்பதையும் அவர்களே சொன்னார்கள், நடுவில் வந்து பொம்மையில் பழகிவிட்டுப் போக ஏற்பாடு உண்டா என்று கேட்டதற்கு, மறுபடி முழுக் கட்டணம் கட்டிச் சேர வேண்டும் என்று பதில். அது கொஞ்சம் அநியாயம்.

யாருக்குச் சரிப்படும்? தினமும் கூட்டத்தோடு பயணம் செய்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், பள்ளி, அலுவலகம், மண்டபம் என்று ஆட்கள் கூடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் தாராளமாகப் போகலாம், கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் கண்டிப்பாகப் போகலாம், ஆளைக் கைகாட்டி வேலை சொல்வது அவர்களுக்குத்தான் கஷ்டம், அதை வெட்கப்படாமல் பழகிப் பார்க்க வேறு இடம் கிடையாது. ஏற்கெனவே செவிலியர் படிப்போ மருத்துவப் பின்னணியோ உள்ளவர்களுக்கு மதியம் முழுக்க அலுப்புத் தட்டும், காலையோடு கிளம்பிவிடலாம். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு பொம்மைக்கு எத்தனை பேர், கூட்டத்தை வைத்து நடிப்புப் பயிற்சி உண்டா. முதல் கேள்விக்கு நான்குக்கு மேல் ஒரு எண் வந்தாலோ இரண்டாவதற்கு மழுப்பினாலோ வேறு இடம் பாருங்கள்.